ஊதியூர் வரை எதிர்க்காற்று

பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எங்கள் சைக்கிள் கிளப்பின் பகல் பயணம் திருப்பூரில் தொடங்கி, தாராபுரம், காங்கேயம் வழியாகத் திருப்பூருக்கே திரும்புவதாக முடிவாயிற்று. ஏறத்தாழ 105 கிலோமீட்டர், 14 பேர். காலை ஐந்தரை மணிக்குக் கைப்பேசி 18 டிகிரி காட்டியது. ஊட்டிக்காரர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பவன் தனக்கான காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறான். அது முதலில் விரல் நுனிகளையும் காதுமடல்களையும் பிடிக்கிறது. பருத்தி ஸ்வெட்டர் அணிந்து வந்த இருவர் கோவில்வழியைத் தாண்டுவதற்குள் வியர்த்து, அந்த ஈரத்திலேயே நடுங்கத் தொடங்கினார்கள். எங்கள் கேப்டனோ ஜெர்சிக்குள் நெஞ்சை மறைத்து முதல்நாள் நாளிதழை மடித்துச் செருகியிருந்தார். பழைய உத்திதான், ஆனால் காசில்லாமல் கிடைக்கும் மேலங்கி அதைவிட நல்லது வேறில்லை.

குளிரைவிடக் காற்றே அன்றைய பயணத்தைத் தீர்மானித்தது. பல்லடம், தாராபுரம் வட்டாரக் காற்றாலைகள் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றை நம்பி நிறுத்தப்பட்டவை. ஆடியில் அவை மேற்கு நோக்கி நின்று இரைச்சலோடு சுழல்வதைப் பார்த்திருக்கிறோம். மார்கழியில் அவற்றின் முகம் வடகிழக்கே திரும்பியிருக்கிறது, பாதிக்கு மேல் சோம்பலாகத்தான் சுற்றுகின்றன. சைக்கிள்காரனுக்கு இதைவிடத் தெளிவான திசைகாட்டி வேண்டியதில்லை. தாராபுரம் நோக்கித் தெற்கே இறங்கும்போது வாடையும் கொண்டலும் கலந்த அந்தக் காற்று இடப்புறத்திலிருந்து வீசும். அப்போது முன்னால் செல்பவரின் உடல் காற்றைத் தடுப்பதால் உண்டாகும் மறைவு அவருக்கு வலப்பின்னால், அதாவது சாலையின் நடுப்பகுதியில்தான் கிடைக்கும். லாரிகளும் பேருந்துகளும் போகும் இடம் அது. ஆகவே மறைவுக்கு ஆசைப்படாமல் ஒற்றை வரிசையில் இடதோரமாகவே வர வேண்டும் என்று கேப்டன் புறப்படும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அன்று வரிசையின் கடைசி ஆள் நான். யாரும் பின்தங்கி விடாமல் பார்த்துக்கொள்வது கடைசி ஆளின் வேலை. அந்தக் கடைசி ஆளே பின்தங்கினால் யார் பார்ப்பது என்ற கேள்வியை எங்கள் கிளப்பில் அதுவரை எவரும் எழுப்பியதில்லை. கொடுவாயைத் தாண்டிச் சிறிது தூரத்தில் என் பின்சக்கரம் தளர்ந்தது. கூப்பிட்டேன், காற்று என் குரலை வயலுக்குள் கொண்டுபோயிற்று. கைப்பேசியில் அழைத்தேன், எவரும் எடுக்கவில்லை. 13 சிவப்பு விளக்குகள் பனிக்குள் ஒவ்வொன்றாக மறைந்தன.

டயரைக் கழற்றி, உட்புறம் முழுவதும் விரலை ஓட்டி முள் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு புது டியூப்பை மாட்டிக் காற்றடித்தேன். ஒரு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன், அதுவும் இறங்கிவிட்டது. மாற்று டியூப் ஒன்றுதான் வைத்திருந்தேன். அந்த இடத்தில் சாலையோரம் முள் நிறைந்த கிளுவை வேலி போட்ட கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு. படலுக்கு வெளியே ஓர் அம்மா சருகும் தென்னை மட்டையும் போட்டு நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்தார். நான் மீண்டும் டயருக்குள் விரலை விட்டுத் துழாவுவதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, கையி வெறச்சுக் கெடக்குது, என்னத்தத் தட்டுப்படும்? மொதல்ல குளுரு காயி சாமி" என்றார்.

உண்மை அதுதான். என் விரல்களுக்கு உணர்ச்சியே இருக்கவில்லை; உறுதிசெய்துகொண்டதாக நான் நினைத்தது வெறும் சடங்கு. ஐந்து நிமிடம் நெருப்பருகே கையை நீட்டி, விரல் நுனிகளில் ஊசி குத்துவது போல இரத்தம் திரும்பிய பிறகு, டயருக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். எள் மூக்களவு நீட்டிக்கொண்டிருந்த கிளுவை முள் உடனே உறுத்தியது. வெளிப்பக்கம் முறிந்துபோய், உள்ளே மட்டும் நுனி நின்றிருக்கிறது. முதல் முறையே கையைச் சூடேற்றியிருந்தால் ஒரு டியூப் பிழைத்திருக்கும்.

சிறிது நேரத்தில் கேப்டனும் இன்னொருவரும் டியூப்புடன் திரும்பி வந்தார்கள். நடந்ததைக் கேட்ட கேப்டன், "பனியன் வேஸ்ட்டுல ஒரு துண்டு வெச்சு உள்ள தொடச்சிருந்தா நூலு மாட்டியிருக்குமே, தம்பி" என்றார். யாரிடமாவது இருக்கிறதா என்று பிறகு விசாரித்தோம். திருப்பூர்க்காரர்கள் 14 பேர். ஒருவரிடமும் ஒரு துண்டு பனியன் வேஸ்ட் இல்லை.

தாராபுரத்தில் சந்தகையும் தேங்காய்ப்பாலும், இரண்டு சுற்று சுக்குக்காப்பியும் ஆயிற்று. அங்கேயே புதிய விதி ஒன்றும் உருவானது: ஒவ்வோர் ஊரைக் கடக்கும்போதும் கடைசி ஆள் "கடைசி வந்தாச்சு" என்று கத்த வேண்டும், அதை ஒவ்வொருவராக முன்னுக்குக் கடத்த வேண்டும், குரல் வராவிட்டால் எல்லோரும் நிற்க வேண்டும்.

காங்கேயம் சாலையில் வடக்கே திரும்பியதும் காற்று எதிரும் வலப்புறமுமாக வந்தது. இங்கே மறைவு இடப்பின்னால், சாலையோரப் பக்கமாகக் கிடைத்ததால் ஒருவர் பின் ஒருவராகச் சற்று இடம் தள்ளி ஒட்டி ஓட்ட முடிந்தது. நன்றாக மறைந்து வருபவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும் என்பார்கள். முன்னால் போய் இரண்டு நிமிடம் காற்றைத் தாங்கிவிட்டுப் பின்னுக்கு வருபவருக்கு அந்தக் கணக்கைத் தொடைகளே சொல்லிவிடும். வேகம் 28-லிருந்து 19-க்கு இறங்கியது. முதல்முறையாக 100 கிலோமீட்டர் ஓட்டும் பெண் ஒருவர் எங்களோடு இருந்தார். அவர் நடுவில், அவருக்கு இயன்ற வேகமே எல்லோருக்கும் வேகம். இதை அலுப்பாக நினைப்பவர்கள் தனியாக ஓட்டுவதே நல்லது என்பது என் கருத்து.

ஊதியூர் மலை வெகு தொலைவிலிருந்தே தெரிந்தது. எவ்வளவு மிதித்தும் நெருங்கி வராததும் அதுதான். கொங்கணச் சித்தர் அங்கே நெருப்பை ஊதிப் பொன் செய்தார், அதனால் பொன்னூதி மலை என்று பெயர் வந்தது என்பது ஊர்க்கதை. அன்று எங்களை எதிர்த்து ஊதியது யாரென்று தெரியவில்லை. மலையடியில் ஒருவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவருடைய தண்ணீர்ப் பாட்டில் காலையில் நிரப்பியபடியே இருந்தது. குளிரில் தாகம் தெரியாது, வியர்வையையும் காற்று உலர்த்திவிடும். பதினோரு மணிக்கு வெயில் ஏறிய பிறகுதான் உடல் கணக்குக் கேட்கும். உப்புப் போட்ட மோர் வாங்கிக் கொடுத்து, காலை நீவிவிட்டு, அரை மணி நேரம் இருந்து கிளம்பினோம்.

காங்கேயத்தில் திருப்பூர்ச் சாலையைப் பிடித்ததும் காற்று வலப்பின்னாலிருந்து தள்ளத் தொடங்கியது. சிவன்மலையைக் கடந்தது யாருக்கும் நினைவில்லை, அவ்வளவு எளிதாகப் போயிற்று. படியூரில் கொப்பரை காயும் ஓர் உலர்களத்தின் அருகே, விதிப்படி, "கடைசி வந்தாச்சு" என்று உரக்கக் கத்தினேன். களத்தில் தேங்காய்ப் பருப்பைத் திருப்பிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "எங்கீங்க வந்தாச்சு?" என்று கேட்டார்.