ஜாங் க்ரேவ எனக்கு ஏன் இவ்ளோ பிடிக்குது

நான் எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன்ல இருக்கேன், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பி.எல். (பில் ஆஃப் லேடிங், சரக்க ஏத்திக்கிட்டதுக்குக் கப்பல் கம்பெனி குடுக்குற பேப்பர்) டிராஃப்ட்னு நாள் பூரா பேப்பரோடதான் பொழப்பு. அதனாலயோ என்னவோ 2014ல வந்த 'மிசெங்' கொரியன் டிராமா மனசுல அப்படியே ஒட்டிக்கிச்சு, அதுவும் ஒரு டிரேடிங் கம்பெனி கதைதான். ஹீரோ ஜாங் க்ரே, இம் ஷி-வான் நடிச்சது, சின்ன வயசுலேர்ந்து பாதுக் மட்டுமே ஆடுனவன் ('கோ'ன்னு சொல்ற போர்டு கேம்தான்), அதுல புரொஃபஷனல் ஆக முடியாம, டிகிரியும் இல்லாம, ஒருத்தர் சிபாரிசுல இன்டர்னா உள்ள வர்றான்.

முதல் எபிசோடுலயே, வீட்டுக் கஷ்டம் பார்ட் டைம் வேலைன்னு எவ்ளோ காரணம் இருந்தும், நான் ஒழுங்கா உழைக்கல அதான் தோத்தேன்னு எல்லாத்தையும் தன் தலைலயே போட்டுக்குவான். நிறைய பேர் இத பக்குவம்னு கொண்டாடுறாங்க, எனக்கு அப்படித் தோணல. வலி தாங்காம தனக்குத்தானே குடுத்துக்குற தண்டனை அது. அவன் வளர்ச்சி அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது.

ஃபைல் எல்லாம் ஃபோல்டர் வாரியா அடுக்கச் சொல்றாங்க, இவன் தன் மூளைக்குப் பட்ட மாதிரி புதுசா அடுக்கிட்டு வந்து நிப்பான், கம்பெனியே சேர்ந்து ஒத்துக்கிட்ட முறைய நீ ஒருத்தனா மாத்த முடியாதுன்னு திட்டு விழும். பாதுக்ல ஆட்டம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் உக்காந்து திரும்ப காய் வச்சு எந்த இடத்துல தப்பாச்சுன்னு பாப்பாங்கல்ல, அந்தப் பழக்கம் இங்கதான் அவனுக்குக் கைகொடுக்குது. நான் மோசம்னு புலம்புறத விட்டுட்டு, இந்த இடத்துல இத யோசிக்கலன்னு பாக்க ஆரம்பிக்கிறான்.

அதோட பலன் இன்டர்ன் பிரசன்டேஷன்ல தெரியும், அங்க ஜோடியா இருக்குற பார்ட்னர் கிட்டயே ஒரு பொருள வித்துக் காட்டணும். ஃபேக்டரிதான் நிஜமான வேலை, ஆபீஸ் எல்லாம் சும்மான்னு நினைக்கிற பார்ட்னர் கிட்ட, தன் டீம் மேனேஜர் ஓ சாங்-ஷிக் ஆபீஸ்ல போட்டுத் தேஞ்ச செருப்ப எடுத்து விக்கிறான்! அந்தச் செருப்புல இருக்குற வியர்வையும் உழைப்புதான, ஆபீஸும் களம்தாங்கிறான். நாள் பூரா சீட்ல உக்காந்தே வேலை பாக்குற எனக்கு அந்த சீன்ல கண்ணு கலங்கிடுச்சு.

இதுல ஓ சாங்-ஷிக் பங்கும் பெருசு. வேற டீம் பையன் பண்ண தப்புக்கு க்ரே திட்டு வாங்கினதும், குடிச்ச நேரத்துல அந்த டீம் ஆள்கிட்ட உங்க பையனால எங்க பையன் திட்டு வாங்கிட்டான்னு சண்டைக்குப் போவாரு. 'எங்க பையன்'ன்னு கேட்டதும் க்ரே முகத்துல வர்றதப் பாருங்க. நமக்குன்னு ஒருத்தர் இருக்காங்கன்னு தெரிஞ்சாதான் நம்ம குறைய பயமில்லாம பாக்க முடியும்.

இத்தனை பண்ணியும் கான்ட்ராக்ட் முடிஞ்சதும் அவனுக்கு பெர்மனென்ட் கிடைக்கல, அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகல. டிராமா வந்த சமயத்துலயே கொரியால கான்ட்ராக்ட் காலத்த ரெண்டு வருஷத்துலேர்ந்து நாலா நீட்டுறதுக்கு ஒரு அரசுத் திட்டம் வந்து, அதுக்கு ஜாங் க்ரே சட்டம்னே பேரு வந்துச்சு. அவன் நல்லா மாறுனது ஒண்ணு, கம்பெனி அவனுக்குச் செய்ய வேண்டியது இன்னொண்ணு, ரெண்டையும் குழப்பக் கூடாது.

இப்பல்லாம் எங்க டீம்ல ஷிப்மென்ட் போனதும் புதுப் பசங்களோட உக்காந்து முதல் மெயில்லேர்ந்து கடைசி பி.எல். வரைக்கும் ஒரு தடவ ஓட்டிப் பாக்குறோம், யார் பண்ணாங்கன்னு அங்க கேக்குறதில்ல, எந்த இடத்துல நழுவுச்சுன்னு மட்டும்தான்.