மரபுக்கும் ஒரு பாடவேளை வேண்டும்

சிங்கப்பூரில் ஒரு பள்ளி இடம் மாறுவதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நூறாண்டு கடந்த பள்ளிகளில் பல, மூன்று நான்கு இடங்களைப் பார்த்தவை. ராஃபிள்ஸ் கல்வி நிலையம் 1972-இல் பிராஸ் பசா சாலையை விட்டு கிரேஞ்ச் சாலைக்குப் போனது. 1990-இல் அங்கிருந்து பீஷானுக்கு. அதன் பழைய கட்டடம் இருந்த மண்ணில் இன்று ராஃபிள்ஸ் சிட்டி நிற்கிறது. விக்டோரியா பள்ளி 1984-இல் கேலாங் பாருவுக்கும், 2003-இல் சிக்லாப் கடற்கரையோரத்துக்கும் நகர்ந்தது. இளங்குடும்பங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய புதிய நகரங்களுக்குக் குடியேற, நகர நடுவில் பிள்ளைகள் குறைகிறார்கள். பிள்ளைகள் போன திசையில் பள்ளியும் போகிறது.

நான் நெடுங்காலம் தமிழ் கற்பித்த உயர்நிலைப்பள்ளியும் இப்படித்தான் நகரத்தின் பழைய பகுதியிலிருந்து வடகிழக்கில் ஒரு புதிய பேட்டைக்கு மாறியது. பள்ளியின் பெயரை எழுதவில்லை. என்னோடு பணியாற்றியவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். இடமாற்றக் குழுவில் தாய்மொழித் துறையின் சார்பில் நான் இருந்தேன். எதை எடுத்துப் போவது, எதைக் கழிப்பது, எதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது என்று வாராவாரம் பேசினோம். அந்தப் பேச்சுகளிலும் அதற்குப் பிந்திய ஆண்டுகளிலும் எனக்கு ஒன்று தெளிவானது. ஒரு வழக்கம் புதிய இடத்தில் பிழைக்குமா என்பது அதன் வயதையோ பெருமையையோ பொறுத்ததில்லை. அதை யார், என்றைக்கு, எந்த வேளையில் செய்யப்போகிறார் என்று கால அட்டவணையில் எழுதியிருந்தால் பிழைக்கும்.

பழைய வளாகத்தில் ஒரு பித்தளைக் கைமணி இருந்தது. மின்மணி வந்த பிறகும் அதற்கென்று ஒரு நாள் இருந்தது. ஆண்டின் முதல் நாள் காலை, உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களில் வயதில் இளையவர் எல்லார் முன்னிலையிலும் அதை அடிப்பார். புதிய வளாகத்தின் மரபுடைமைக் கூடத்தில் அந்த மணிக்குத்தான் முதல் இடம் கிடைத்தது. விளக்கு, வெல்வெட் துணி, சிறு குறிப்பு எல்லாம் வைத்தார்கள். பெட்டியின் சாவி நிர்வாக அலுவலகத்துக்குப் போனது. முதல் ஆண்டு, குடிபுகுந்த வேலைகளின் நெருக்கடியில் சாவியை யாரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு வந்தபோது அந்த வழக்கத்தை நடத்திவந்தவர்கள் ஓய்வுபெற்றிருந்தார்கள். பிறகு அது பார்க்கும் பொருளாகிவிட்டது. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. மணியை நேசித்தவர்கள் பலர் இருந்தார்கள். அன்றைய நிகழ்ச்சிநிரலில் அந்த வேலைக்கு நேராக ஒரு பெயர் இல்லை, அவ்வளவுதான்.

காலைக் கொடியேற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் வரைந்து 1966 முதல் பள்ளிகளில் சொல்லப்படும் தேசிய உறுதிமொழியையும், எங்கள் பள்ளிப்பாட்டையும் எந்தப் பெட்டியிலும் கட்டி எடுத்துப் போகவில்லை. புதிய திடலில் முதல் நாள் காலையிலேயே அவை இருந்தன. தினமும் செய்வது தொலைவதில்லை.

தமிழறை விஷயம் இவ்வளவு எளிதாக இல்லை. வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கவேண்டும். இங்கே 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி. தமிழ், மலாய், சீனம் ஆகியவை தாய்மொழிப் பாடங்கள். தாய்மொழிப் பாடவேளை வந்ததும் வகுப்பு கலையும். ஒரு வகுப்பிலிருந்து மூவர், இன்னொன்றிலிருந்து இருவர் என்று தமிழ் மாணவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்து சேர்வார்கள். எண்ணிக்கை போதாத பள்ளிகளின் பிள்ளைகள் வேறு பள்ளிக்கோ உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கோ போய்ப் படிக்கிறார்கள். ஆகவே தமிழறை என்பது பாடம் நடத்தும் இடமாக மட்டும் இருந்ததில்லை. நாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்துவிட்டு வரும் பிள்ளை, கதவைத் திறந்ததும் தமிழில் வாயைத் திறக்கும் இடம் அது. அலமாரியும் சுவரும் அதற்குத் துணை செய்தன.

புதிய கட்டடத்தின் வரைபடத்தில் யாருக்கும் சொந்த அறை இல்லை. வேண்டியவர்கள் முன்பதிவு செய்து பயன்படுத்தும் அறைகள். ஓர் அறை பாதி நாள் பூட்டிக் கிடப்பது வீண் என்றார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் வாரம் ஒருமுறை மாறும் அறையில் சுவரில் எதை ஒட்டுவது? அகராதிகளை எங்கே வைப்பது? தமிழுக்கும் மலாய்க்கும் சேர்த்து ஒரு நிலையான அறை கொடுங்கள், இருவர் பாடவேளைகளையும் மோதாமல் அமைத்துக்கொள்கிறோம் என்று மலாய் கற்பித்த சிக்குவும் (மலாயில் ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்கள்) நானும் ஒன்றாகப் போய்க் கேட்டோம். கொடுத்தார்கள். ஒரு சுவரில் குறள், எதிர்ச்சுவரில் மலாய் நாலடிப் பாட்டான பந்துன். பந்துனின் முதல் இரண்டடியில் இயற்கைக் காட்சியும் பின்னிரண்டடியில் சொல்லவந்த கருத்தும் வரும் என்று சிக்கு எனக்கு விளக்கியபோது, சங்கப் பாட்டில் நாரையையும் தாழையையும் சொல்லித் தலைவியின் நெஞ்சைச் சொல்லும் முறை நினைவுக்கு வந்தது. இரண்டையும் சேர்த்து ஆண்டுக்கு ஒரு கூட்டு வகுப்பு வைத்தோம். பழைய வளாகத்தில் இப்படி ஒன்று நடந்ததில்லை. அங்கே அவர் அறை ஒரு மாடியில், என் அறை வேறொரு மாடியில். இடம் மாறியதால் கிடைத்த நல்ல வழக்கம் இது. அதைக் கால அட்டவணையிலும் ஏற்றிவிட்டோம்.

ஒரு பழைய பள்ளியின் முதல் வடிவமே அதன் உண்மை வடிவம் என்று நினைக்கும் பழைய மாணவர்கள் உண்டு. அவர்களிடம் நான் மெத்தடிஸ்ட் பெண்கள் பள்ளியின் கதையைச் சொல்வேன். 1887 ஆகஸ்ட் 15 அன்று, சோஃபியா பிளாக்மோர் என்ற ஆஸ்திரேலிய மதப்பணியாளர், ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் ஒன்பது தமிழ்ச் சிறுமிகளோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார். தமிழ்ப் பெண்கள் பள்ளி என்றே அது அழைக்கப்பட்டது. பிற இனச் சிறுமிகளும் சேர்ந்தார்கள், பெயர் மாறியது, பள்ளி மவுண்ட் சோஃபியா குன்றுக்கு ஏறியது, 1992-இல் புக்கிட் தீமா வட்டாரத்தில், நிறுவனரின் பெயர் தாங்கிய பிளாக்மோர் டிரைவுக்குப் போனது. தமிழாசிரியனாக அந்த முதல் பெயரைப் படிக்கும்போது நெஞ்சில் ஒரு சிறு வலி வரத்தான் செய்கிறது. ஆனால் பெண்பிள்ளைகளைப் படிக்கவைப்பது என்ற வேலை ஒவ்வொரு இடத்திலும் தொடர்ந்திருக்கிறது. உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளியும் அப்படியே. 1946-இல் தொடங்கி, சிங்கப்பூரின் கடைசித் தமிழ்வழிப் பள்ளியாக 1982-இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே அதே பெயரில் மொழி நிலையம் பிறந்தது. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரை இன்றும் பிள்ளைகள் தினமும் சொல்கிறார்கள், ஏனென்றால் அங்கே பாடம் நடக்கிறது.

எங்கள் பொங்கலும் இடம் மாறியது. பழைய வளாகத்தில் உணவகத்துக்குப் பின்னால் மண்தரை இருந்தது. மூன்று கல் வைத்து விறகு மூட்டிப் பொங்குவோம். புதிய வளாகத்தில் மண் என்பதே பூச்செடித் தொட்டியில்தான். திடலில் செயற்கைப் புல். திறந்த நெருப்புக்கு அனுமதி கிடைக்கவில்லை. கூரைக்கு வெளியே, வண்டி நிறுத்துமிடத்தில் எரிவாயு அடுப்பில் பொங்கினோம். புகையில்லாத பொங்கல் பொங்கலா என்று ஓர் அம்மா கேட்டார். எனக்கு அதில் குறை தெரியவில்லை. பானையைப் பிள்ளைகளே கழுவி, மஞ்சள் கட்டி, அரிசி அளந்து, பால் பொங்கும்வரை காத்து நின்றார்கள். அதைத்தான் நான் காப்பாற்ற விரும்பினேன்.

பேட்டை மாறியதில் வகுப்பும் மாறியது. முன்பு மூன்று தலைமுறையாக இங்கே வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகளே அதிகம். அவர்களுடைய தமிழில் மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் இயல்பாகக் கலந்திருக்கும். எழுத்தில் தயக்கம் இருக்கும். புதிய பேட்டையில் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் சேர்ந்தார்கள். மடமடவென்று பேசுவார்கள், சிலருக்குப் படிக்கத் தெரியாது, வேறு பாடத்திட்டத்தில் இந்தியோ பிரெஞ்சோ எடுத்தவர்கள். முதல் சில மாதங்கள் இரு தரப்பும் தனித்தனி மேசையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் பேச்சை மற்றவர் திருத்துவதும் நடந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே நூறாண்டுக்கு மேலாகப் பேசப்படும் தமிழ் யாருடைய தமிழுக்கும் கீழானதில்லை என்று வகுப்பில் உரக்கச் சொன்னேன்.

அவர்களை ஒன்றாக உட்காரவைக்கப் பயன்பட்டவை பள்ளியின் ஆண்டு மலர்கள். மரபுடைமைக் கூடத்துக்கான பட்டியலில் அவற்றின் தமிழ்ப் பக்கங்கள் இல்லை. பட்டியல் போட்டவர்களுக்கு அவற்றைப் படிக்கத் தெரியாது. நான் கேட்டு வாங்கிவந்து, இரு தரப்பிலும் ஒருவராகச் சேர்த்துக் கொடுத்தேன். அறுபதுகளின் கட்டுரைகளில் துதிக்கை வைத்த லையும் ணையும் வரும். தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்திய வடிவங்கள். இருவருக்குமே அவை புதிது. பேசத் தெரிந்தவர் ஊகித்தார், எழுதத் தெரிந்தவர் உறுதிசெய்தார். வெள்ளத்தில் நனைந்த புத்தகப்பையைப் பற்றியும், கம்பத்து (பழைய சிற்றூர்) வீட்டைப் பற்றியும் தங்கள் வயதுப் பிள்ளை ஒருவர் அன்று எழுதியதைப் படித்து முடித்தபோது, பள்ளியின் வரலாறு அவர்களுக்குக் கொஞ்சம் சொந்தமானது. மலர்களைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தால் இது நடந்திருக்காது.

இன்னொரு வழக்கம் அகராதி. உயர்நிலை நான்கு முடித்துப் போகிறவர், தம் தமிழ் அகராதியின் முதல் பக்கத்தில் பெயரும் ஆண்டும் எழுதி, உயர்நிலை ஒன்றில் இருக்கும் ஒருவரிடம் கொடுப்பார். சில பிரதிகளில் பெயர்கள் பக்கம் முழுக்க இறங்கியிருக்கும். 2021-க்குள் உயர்நிலை மாணவர் ஒவ்வொருவர் கையிலும் மடிக்கணினி போன்ற ஒரு கற்றல் சாதனம் வந்துவிட்ட பிறகு, இந்த அகராதிகள் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. கட்டுரைத் தேர்வுக்கு அச்சு அகராதியைக் கொண்டுபோகலாம் என்ற விதி கைகொடுத்தது. ஆனால் பிரதிகள் நைந்துவிட்டன, தாள் உதிர்கிறது. புதியவை வாங்கினோம். பெயர்ப்பக்கங்களை என்ன செய்வது என்று மாணவர்களிடமே கேட்டேன். மரபுடைமைக் கூடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றார்கள் சிலர். புதிய அகராதியின் உள்ளட்டையில் பழைய பக்கத்தை ஒட்டி, அதன் கீழே எழுதிக்கொண்டே போகலாம் என்றார்கள் மற்றவர்கள். நான் இரண்டாவது தரப்பு. வாக்கெடுப்பில் அதுவே தேறியது. பசையும் கத்தரியும் வாங்கி, நவம்பர் விடுமுறைக்கு முந்திய கடைசித் தமிழ்ப் பாடவேளையை அதற்கென்று ஒதுக்கினோம். பொறுப்பாளராக உயர்நிலை மூன்றிலிருந்து இருவர் பெயரை எழுதிவைத்தோம். ஒவ்வோர் ஆண்டும் அவர்களே அடுத்த இருவரைச் சொல்லவேண்டும்.