புது எலி என்று பெயரிடும் முன்

மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் சேகரித்த எலிகளின் கல்லீரல் துண்டுகளை எத்தனாலில் இட்டுச் சென்னை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தபோது, உடலைவிட நீண்ட வாலும் வெளுத்த வயிறும் கொண்ட சில எலிகளை எந்த இனத்தில் சேர்ப்பது என்பதில் எங்களுக்குள் கருத்து ஒன்றுபடவில்லை. வீட்டுக் கூரைகளில் ஓடும் ராட்டஸ் ராட்டஸ் எலியிலும் இவ்வியல்புகள் உண்டு என்பதே சிக்கல்.

செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் சைட்டோகுரோம் பி மரபணுவை, அதன் ஏறத்தாழ 1140 டி.என்.ஏ. எழுத்துகளையும் படித்து, உறவுமுறை காட்டும் கிளைமரம் வரைந்ததும், அவ்வெலிகள் தனிக் கிளையாக நின்றன. புது இனம் கிடைத்துவிட்டது என்று பேச்சு கிளம்பியது. பேராசிரியர் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி வரலாற்றை மட்டுமே சொல்லும். மேலும், அதன் துண்டுகள் உட்கருவுக்குள் நகலாகிச் சிதைந்து கிடப்பதுண்டு, டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். வினையில் அந்த நகல் பெருகிவிட்டால் இல்லாத இனம் ஒன்று இருப்பதாகத் தோன்றும் என்றார். வரிசையின் நடுவில், சிதைந்த நகல்களில் காணப்படும் நிறுத்தக் குறியீடு (புரத உருவாக்கத்தை முடிக்கச் சொல்லும் மூன்றெழுத்து) இல்லை என்று உறுதிசெய்தபின், உட்கரு மரபணுக்களையும் படித்தோம். பிரிவு மாறவில்லை.

ஆனாலும் எனக்கு நம்பிக்கை தந்தது மண்டையோடுதான். டெர்மெஸ்டிட் வண்டுகள் சதையைத் தின்று தீர்த்த மண்டையோட்டைக் காலிப்பர் என்னும் அளவுக் கருவியில் பிடித்து அளப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. வண்டுப் பெட்டியின் நாற்றமோ சட்டையோடு வீடுவரை வரும். மேல் கடைவாய்ப்பல் வரிசையின் நீளத்துக்குக் கூடுதல் மதிப்பளித்தோம். எலியின் வெட்டுப்பற்கள் ஆயுள் முழுவதும் வளரும். கடைவாய்ப்பற்கள் முளைத்தபின் வளர்வதில்லை, தேயவே செய்யும். எனவே அவ்வரிசையின் நீளம் வயதால் அதிகம் மாறாது. தேய்மானத்தைக் கொண்டு இளையவற்றை விலக்கி, முதிர்ந்தவற்றை மட்டும் ஒப்பிடவும் முடிந்தது.

எஞ்சியது பெயர். புதிதாகப் பெயரிட வேண்டுமானால், ஏற்கெனவே உள்ள பெயர் எதுவும் பொருந்தாது என்று காட்ட வேண்டும். இந்திய எலிகளுக்கோ ஆங்கிலேயர் காலத்தில் வைத்த பெயர்கள் ஏராளம். மகாராஷ்டிரத்தின் சதாரா பகுதி எலியை 1918-இல் விலங்கியலாளர் ஹின்டன் ராட்டஸ் ராட்டஸ் எலியின் துணையினமாகக் கொண்டு 'சதாரே' என்று பெயரிட்டிருந்தார். குடகு எலிகளை ஆராய்ந்து 2011-இல் வெளிவந்த கட்டுரையொன்று, உடலமைப்பு, குரோமோசோம், மரபணு ஆகிய மூன்றாலும் சதாரே தனி இனமே என நிறுவியது. எங்கள் எலிகள் அதனோடு பொருந்தின. புது இனம் இல்லை என்றானதில் சிலருக்கு வருத்தந்தான். ஐயம் தீர்ந்ததே பெரிது என்பது என் எண்ணம். மண்டையோடு, தோல், திசு மூன்றுக்கும் ஒரே எண்ணிட்டு ராட்டஸ் சதாரே என்று பதிவேட்டில் ஏற்றினோம். எங்கள் முடிவை மறுக்க விரும்புபவர் அதே எலியை எடுத்து அளந்து பார்க்கலாம்.