செக்மென்டேஷன் ஃபால்ட் கேள்வி: அரியர் எழுதித் தேறியவனின் குறிப்புகள்

சிஸ்டம் புரோகிராமிங் செய்முறைத் தேர்வின் அரியர் முடிவு நேற்று மாலை வந்தது, தேறிவிட்டேன். முதல் முறை என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு கேள்விதான் என்பதால், அடுத்து எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்கு அதை மட்டும் விரித்துச் சொல்கிறேன். ரெக்கார்டு, வைவா நடைமுறையெல்லாம் உங்களுக்கே தெரியும்.

தவறான நினைவக முகவரியைத் தொடும் நிரல் (இதுதான் செக்மென்டேஷன் ஃபால்ட்), அந்த முகவரியைத் தெரிவித்துவிட்டு முறையாக முடிய வேண்டும் என்பதே கேள்வி. அந்தத் தவறு நேரும்போது கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) நிரலுக்கு அனுப்பும் சிக்னல் சிக்செக்வி (SIGSEGV). அதற்கு ஹேண்ட்லர், அதாவது சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷன், எழுதி, உள்ளே திரையில் அச்சிடும் பிரிண்ட்எஃப் (printf) வைத்து, கடைசியில் ரிட்டர்ன் போட்டேன். இயக்கியதும் ஒரே வரி நிற்காமல் திரை முழுவதும் ஓடியது. கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்தினேன். "ஏன் தம்பி, திரும்பத் திரும்ப வருது?" என்று எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை வழியாகத் திருவையாற்றுக்குத் திரும்பிய பஸ்ஸில் அந்தக் கேள்வி மட்டுமே மனத்தில் இருந்தது.

பதில் இதுதான். ஹேண்ட்லர் திரும்பியதும், கெர்னல் சிபியுவின் பழைய ரெஜிஸ்டர் மதிப்புகளை மீட்டு, தவறிய அதே கட்டளையை மறுபடி இயக்குகிறது. முகவரி இன்னும் தவறாகவே இருப்பதால் அதே சிக்னல் மீண்டும் வருகிறது. வாய்க்காலில் உடைப்பு எடுத்தால், மேலே மதகை அடைக்காமல் கொட்டும் மண்ணெல்லாம் தண்ணீரோடுதான் போகும் என்று அப்பா சொல்வார். காரணத்தைச் சரிசெய்யாமல் ஹேண்ட்லரிலிருந்து திரும்புவதும் அப்படித்தான்.

ஆகவே, ரைட் (write) மூலம் செய்தியை எழுதிவிட்டு, நிரலை உடனே முடிக்கும் அண்டர்ஸ்கோர் எக்ஸிட்டில் (_exit) முடியுங்கள். அல்லது சிக்னலை இயல்பு நிலைக்கு மாற்றிவிட்டுத் திரும்புங்கள். இரண்டாவது வழியில் அதே கட்டளை மறுபடி தவறி நிரல் முடியும். கோர் கோப்புக்கு (நிரல் விழுந்த நேரத்து நினைவகப் பதிவு) அனுமதி இருந்தால் அதுவும் கிடைக்கும், ஷெல்லில் முடிவுக் குறியீடு 139 என்று வரும். 128 உடன் சிக்செக்வியின் எண் 11 சேர்ந்த கணக்கு அது. நான் அரியரில் எழுதியது இதைத்தான்.

சிக்லாங்ஜம்ப் (siglongjmp) போட்டு, சிக்செட்ஜம்ப்பால் (sigsetjmp) முன்பே குறித்துவைத்த இடத்துக்குத் தாவித் தப்பிக்கலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். சிக்செட்ஜம்ப்பின் இரண்டாவது மதிப்பைச் சுழியமாக விட்டால் சிக்செக்வி தடுக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். லினக்ஸில் அடுத்த தவறு ஹேண்ட்லருக்கு வராமலே நிரலைக் கொன்றுவிடும். மேலும், தவறு, நினைவகம் ஒதுக்கும் மால்லாக்கின் (malloc) உள்ளே பூட்டுப் பிடித்திருக்கும்போது நேர்ந்திருந்தால், வெளியே தாவிய நிரல் அடுத்த மால்லாக்கில் உறைந்து நிற்கக்கூடும். எனக்கு இந்த வழியில் நம்பிக்கை இல்லை, தேர்வில் தொடாதீர்கள்.

வைவாவுக்கு:

- ஹேண்ட்லருக்குள் பிரிண்ட்எஃப், மால்லாக் கூடாது. ஏன் கூடாது என்பதையும் சொல்லத் தெரிய வேண்டும்.
- நல் பாயிண்டரை (எதையும் சுட்டாத பாயிண்டர்) தொட்டால் அந்த முகவரிக்கு நினைவகப் பக்கமே இல்லை; ஸ்ட்ரிங் லிட்டரலில் (நிரலில் மேற்கோளுக்குள் தந்த சொற்கள்) எழுதினால் பக்கம் உண்டு, எழுத அனுமதி இல்லை. சிக்னல் ஒன்றுதான், சிக்னலின் விவரங்களைத் தரும் சிக்இன்ஃபோவில் (siginfo) வரும் காரணக் குறியீடு வேறு.
- ஸ்டாக் நிரம்பிய தவறுக்கு ஹேண்ட்லருக்குத் தனி ஸ்டாக் தரும் சிக்ஆல்ட்ஸ்டாக் (sigaltstack) கட்டாயம். ஹேண்ட்லர் ஓடவே ஸ்டாக்கில் இடம் இருக்காது.
- எம்மேப் (mmap) மூலம் நினைவகத்தில் பொருத்திய கோப்பை வேறொருவர் சுருக்கிவிட்டால், இல்லாமல் போன பக்கத்தைத் தொடும்போது வருவது சிக்பஸ் (SIGBUS) என்ற வேறு சிக்னல்.

எனக்குக் கையால் எழுதினால்தான் நிற்கும். இந்த நான்கிற்கும் தனித்தனி நிரல் எழுதி, பதினைந்து நாள் தினமும் காலையில் புத்தகம் பார்க்காமல் மறுபடி எழுதினேன். வீடியோக்களை ஒதுக்கிவிட்டு நீங்களும் அப்படியே எழுதிப் பாருங்கள். முதல் நிரலில் வேண்டுமென்றே ரிட்டர்ன் போட்டு, அந்த வரி ஓடுவதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.