தண்ணீர்க் கணக்கு

பெனிசிலினை உடைத்து 6-ஏ.பி.ஏ. எடுப்பது எங்கள் வேலை. அமாக்சிசிலின், ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் இரண்டுக்கும் அதுதான் மூலப்பொருள். பழைய ரசாயன வழியில் இதற்கு பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு வேண்டும், டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் வேண்டும், மைனஸ் 40 டிகிரி குளிரும் வேண்டும். மணலி வெயிலில் மைனஸ் 40 என்றால் கரண்ட் பில்லை யோசித்துக்கொள்ளுங்கள். டைகுளோரோமீத்தேன் வேறு ஏறக்குறைய 40 டிகிரியிலேயே கொதித்துவிடும். மே மாத மதியத்தில் டிரம் மூடியைத் தளர்த்தினாலே உஸ்ஸென்று காசு காற்றில் போகும்.

நொதி வழியில் இந்தத் தொல்லை இல்லை. பெனிசிலினை உடைக்கும் பெனிசிலின் அசைலேஸ் என்ற நொதியைச் சின்னச் சின்ன மணிகளில் ஒட்டவைத்து, தண்ணீரில், பி.எச். 8 வாக்கில், 28 டிகிரியில் ஓட்டுவோம். மணிகளை வடிகட்டி அடுத்த பேட்சுக்கும் போடலாம். பக்குவமாகப் பார்த்துக்கொண்டால் நூற்றுக்கணக்கான முறை.

28 டிகிரி என்பது படிக்க மிதமாகத்தான் இருக்கிறது. இங்கே வெயில் காலத்தில் கூலிங் டவர் தண்ணீரே 32 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கும். ஆக, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் போட்டே தீர வேண்டும். சூடு ஏறினால் நொதி மட்டுமா, பெனிசிலின் மூலக்கூறின் வளையமே சிதையும்.

அப்புறம் அந்த மணிகள். வினை நடக்க நடக்க ஃபீனைல் அசிட்டிக் அமிலம் வெளிவரும். பி.எச். இறங்காமலிருக்கக் காரம் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விழுந்த இடத்தில் காரம் தேங்கினால் அங்கிருக்கும் நொதி செத்தது. வேகமாகக் கலக்கினால் மணி அரைபடும். ஒரு நைட் ஷிஃப்டில் பேட்ச் வடியவே இல்லை. திருவொற்றியூரிலிருந்து வரும் ஆபரேட்டர் அண்ணன், கையுறை விரலால் அடிச்சல்லடையை வழித்துத் தேய்த்துக் காட்டினார். "பாருங்க சார், மாவாயிடுச்சு." மணலாக நெருட வேண்டியது சந்தனம்போல் வழுக்கியது. கலக்கும் அஜிடேட்டரின் தகட்டை அகலமாக்கி வேகத்தைக் குறைத்தோம். காரத்தை மேலிருந்து ஊற்றாமல் தகடு சுற்றும் இடத்துக்கே குழாய் இறக்கினோம். நொதி விற்பவர் அதன் ஆயுளுக்கு ஒரு எண் தருவார். அதில் பாதி இந்தத் தகட்டின் கையில்தான் இருக்கிறது என்பேன்.

இதையெல்லாம் தாண்டிப் பெரிய செலவு தண்ணீர். கரைப்பானுக்குப் பதில் தண்ணீர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம் (அமிலத்தைப் பிரிக்கக் கடைசியில் கொஞ்சம் கரைப்பான் வேண்டித்தான் இருக்கிறது, அது வேறு கதை). தலைவலி போய்த் திருகுவலி வந்தது. 10 சதவீதக் கரைசலில் 1 கிலோ பெனிசிலினுக்கு 9 கிலோ தண்ணீர். 5 சதவீதமானால் 19 கிலோ. கழிவை வெளியே விட முடியாது. ஆர்.ஓ.வில் பிழிந்தது போக மிச்சத்தைக் கொதிக்கவைத்துத்தான் ஆக வேண்டும். தண்ணீர் ஆவியாக கிலோவுக்குச் சுமார் 2,260 கிலோஜூல் கேட்கும். ஆவியாக்கிகளை அடுக்கிவைத்து நீராவியை மிச்சம் பிடிக்கலாம், அவ்வளவுதான். உள்ளே வரும் தண்ணீரும் சும்மா வருவதில்லை. கொடுங்கையூரில் ஊர்ச் சாக்கடை நீரை ஆர்.ஓ. வரை சுத்தம் செய்து இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள், நாளைக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள நிலையம் அது.

அதனால் யீல்டில் ஒரு சதவீதம் கூட்டித் தருகிறேன் என்று வருகிறவரைவிட, கரைசலை இன்னும் கெட்டியாக ஓட்டலாம் என்று வருகிறவருக்குத்தான் நான் முதலில் நாற்காலி போடுவேன். அதிலும் சிக்கல் உண்டு. கெட்டியாக்கினால் அமிலமும் கூடும், அந்த அமிலமே நொதியின் வேகத்தைக் கட்டிப்போடும்.

எந்தக் காரம் என்பதில் எங்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை. காஸ்டிக் சோடா விட்டால் அத்தனையும் உப்பாகி ஆவியாக்கியில் படியும். அம்மோனியா நொதிக்கு இதமானது, ஆனால் கழிவில் நைட்ரஜன் ஏறும், கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இ.டி.பி. ஆட்கள் ஒப்புக்கொள்வதில்லை. போன மீட்டிங்கிலும் டீ ஆறியதுதான் மிச்சம். இப்போதைக்குக் காஸ்டிக்கே ஓடுகிறது.