மாடி கட்டுகிறவர்களே, ரெஜிபோம் சுவரையும் கொஞ்சம் யோசியுங்கள்

கொழும்புப் பக்கம் கொட்டாஞ்சேனையிலோ தெஹிவளையிலோ பழைய வீட்டின் மேல் இன்னொரு மாடி எழுப்ப நினைக்கிறவர்கள் முதலில் காசைத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். நான் பாரத்தைப் பார்க்கச் சொல்வேன். அத்திவாரம் போட்ட காலத்தில் மேல்மாடியை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பத்தடிக்குப் பத்தடி, நாலங்குலத்தில் சீமெந்துக் கல் வைத்து இரண்டு பக்கமும் பூசினால் அந்த ஒரு சுவரே ஏறத்தாழ இரண்டு தொன் வரும். ரெஜிபோம், அதாவது டிவி பெட்டிக்குள் வருகிற வெள்ளை நுரை (பொலிஸ்டைரீன்), கலந்த கொங்கிறீட் பலகையில் அதே சுவரை எழுப்பினால் பாதிகூட வராது.

சாதாரண கொங்கிறீட் ஒரு கன மீட்டர் சுமார் 2400 கிலோ. ரெஜிபோம் 98 வீதம் காற்றுத்தான், அதனால் சல்லிக்கல்லுக்குப் பதிலாக அதன் மணிகளைப் போட்டால் 1000 கிலோவுக்குக் கீழேயும் இறக்கலாம். அந்த மணி புதிதாக இருக்க வேண்டும் என்றில்லை. 2017 செப்டெம்பரில் ரெஜிபோம் சோற்றுப் பெட்டிகளுக்குத் தடை வந்தது, ஆனால் டிவி, ஃபிரிட்ஜ் பெட்டிக்குள் வருகிறது இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதை அரைத்துப் பலகைக்குள் போடலாம், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி ஆய்வும் நடந்திருக்கிறது. அதே 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்த நகரம் இது. குப்பைக்குப் போகிறதில் ஒரு பங்கையாவது சுவருக்குள் வைக்க முடியும் என்றால் அதை நாங்கள் கேட்டு வாங்க வேண்டும்.

ஆனால் மேசன் பாஸிடம் ஒரு மூட்டை ரெஜிபோமைக் கொடுத்து "இதையும் போட்டுக் குழையுங்கோ" என்று சொல்கிற வேலை இல்லை இது. மணிகள் தண்ணீரை ஒட்ட விடாது, அதோடு இலேசு என்பதால் கலவையில் மேலே மிதந்து வந்துவிடும். அதிர்வு கொடுத்தால் இன்னும் மோசம், மேலே வெறும் மணி, கீழே வெறும் சாந்து என்று பிரிந்துபோகும். அதனால் கொஞ்சத் தண்ணீரும் சீமெந்தும் விட்டு மணிகளை முதலில் பூசிக்கொண்டு, அப்புறம்தான் மற்றதைச் சேர்க்க வேண்டும். நுரைச்சோலை அனல் மின்நிலையத்தில் மிஞ்சுவது போன்ற நிலக்கரிச் சாம்பலைச் சேர்த்தால் கலவை மணிகளை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், சீமெந்தும் மிச்சம். தொழிற்சாலையில் வார்த்த பலகையை வாங்குவதுதான் சரி என்று நான் நினைப்பது இதனால்தான்.

ரெஜிபோம் கூடக் கூட பலம் குறையும். தூணுக்கும் பீமுக்கும் இது வேண்டவே வேண்டாம், அறை பிரிக்கிற சுவருக்குப் போதும். ஏசி, தண்ணீர்த் தாங்கி மாதிரிப் பாரமானவற்றை எங்கே மாட்டப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வெறும் ஆணி பிடிக்காது. ரெஜிபோம் 100 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கிவிடும், எனவே நெருப்பை எவ்வளவு நேரம் தாங்கும் என்ற சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், குசினிச் சுவர் என்றால் கட்டாயம்.

இன்னொன்று, எனக்கு மனசு கேட்காத விஷயம். பலகையைத் தளத்தில் வாளால் அறுக்கும்போது மணிகள் பறந்து கானுக்குள் போகும், அங்கிருந்து வெள்ளவத்தைக் கால்வாய், அப்புறம் கடல். தார்ப்பாய் விரித்து அறுத்து, கூட்டி அள்ளி மூட்டை கட்டச் சொல்லுங்கள். கதவு யன்னல் அளவை முன்னமே கொடுத்தால் அறுக்கிற வேலையே பெரும்பாலும் தொழிற்சாலையில் முடிந்துவிடும்.