அப்பாவின் பி.பி. நோட்டு

அப்பாவின் அலமாரியைக் காலி செய்தபோது, துணிகளுக்கு அடியில் ஒரு பழைய நோட்டு கிடைத்தது. பக்கம் முழுக்கத் தேதியும் இரண்டிரண்டு எண்களும். 168/102. 154/96. 172/104. முதல் பக்கங்களில் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. பக்கவாதம் வந்த மாதத்துக்குப் பிறகு அதே எண்கள் கோட்டைத் தாண்டிச் சரிந்து கிடக்கின்றன. வலது கை விழுந்துவிட்டதால் இடது கையால் எழுதியிருக்கிறார். நோட்டின் முதல் தேதியைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். அப்போது அவருக்கு வயது 47.

அந்த 47 எனக்கு அதுவரை தெரியாது. "நம் வீட்டில் எல்லோருக்கும் பி.பி. உண்டு, பரம்பரை" என்று பாட்டி சொல்வார், அத்தை சொல்வார். சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்த ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். அப்பாவைத் தவிர யாரும் கையில் பட்டையைக் கட்டி அளந்து பார்த்ததில்லை. எனக்கே 41 வயதில், பல் பிடுங்கப் போன இடத்தில்தான் தெரிந்தது: 156/98. எனக்குத் தலைவலியோ மயக்கமோ எதுவும் இருந்ததில்லை.

பிறகு நான் பார்த்த மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "அப்பாவுக்கு எந்த வயதில் வந்தது?" என்பதுதான். 'இருந்ததா' என்பதைவிட 'எப்போது' என்பது முக்கியம் என்றார். பெற்றோருக்கு 55 வயதுக்கு முன்பே வந்திருந்தால், பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு கூடுதல். வயதான பிறகு வந்திருந்தால் அதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை. நோட்டு கிடைத்தது அதற்குப் பிறகுதான்.

அதன்பின் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். சென்ற நூற்றாண்டின் நடுவில் பிளாட், பிக்கரிங் என்ற இரண்டு ஆங்கிலேய மருத்துவர்கள் இதற்காக ஆண்டுக்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். ஒரே மரபணுதான் காரணம், அது இருப்பவர்கள் ஒரு கூட்டம், இல்லாதவர்கள் இன்னொரு கூட்டம் என்றார் பிளாட். அப்படிப் பிரிக்கவே முடியாது, உயரத்தைப் போல இதுவும் ஆளுக்கு ஆள் சிறிது சிறிதாக மாறுகிறது என்றார் பிக்கரிங். பெரும்பாலானோர் விஷயத்தில் பிக்கரிங் சொன்னதுதான் சரி. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வோடு, ரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள இடங்கள் நம் மரபணுத் தொகுதியில் 900ஐத் தாண்டின. ஒவ்வொன்றும் அழுத்தத்தை நகர்த்துவது, பி.பி.யை அளக்கும் பாதரசக் கணக்கில், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக. அப்பாவின் நோட்டில் காலைக்கும் மாலைக்கும் இடையிலேயே பத்து மில்லிமீட்டர் ஏறி இறங்குகிறது!

ஆனால் பிளாட் நினைத்தது போன்ற குடும்பங்களும் அபூர்வமாக உண்டு. அவற்றைப் படித்தபோதுதான் எனக்கு விஷயமே விளங்கியது. 1963இல் லிடில் என்ற மருத்துவர் விவரித்த நோயில், சிறுநீரகத்தில் உப்பைத் திரும்ப உறிஞ்சும் வாசல் மூடாமலே இருக்கிறது. உடம்பில் உப்பு தங்குகிறது, கூடவே நீரும் தங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. 1992இல் லிஃப்டன் குழுவினர் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். எட்டாவது குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு, உடம்பில் உப்பைத் தங்கவைக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் தேவையில்லாமல் சுரக்கிறது. இந்தக் குடும்பங்களில் இளம் வயதிலேயே மூளையில் ரத்தக்கசிவு வருவதுண்டு. இப்படி ஒற்றை மரபணுவால் வருபவற்றில் பல, சுற்றிச் சுற்றிச் சிறுநீரகத்திடமும் உப்பிடமும்தான் வந்து நிற்கின்றன. எனக்கும் ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோன், அதைச் சுரக்கத் தூண்டும் ரெனின், பொட்டாசியம் மூன்றையும் பார்த்தார்கள். முடிவு வரும்வரை தூக்கமில்லை. எல்லாம் சரியாகவே இருந்தன. அதாவது எனக்கு வாய்த்தது பிக்கரிங் சொன்ன வகை: நூற்றுக்கணக்கான சிறு சிறு சரிவுகள்.

சரிவு என்றால் விழுந்தே தீர வேண்டும் என்றில்லை. பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோரை வைத்துச் செய்த ஆய்வில், மரபணு அபாயம் மிகுந்தவர்களிடமும் நல்ல பழக்கங்கள் உள்ளவர்களுக்கு அழுத்தம் குறைவாகவே இருந்தது. இதைப் பாட்டியிடம் சொல்ல முடியாமல் போனது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

தம்பிக்கு வயது 36. "எனக்கு ஒன்றும் இல்லை அக்கா" என்று நழுவிக்கொண்டே இருந்தான். போன வாரம் பிடித்து உட்கார வைத்தேன். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னேன். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வைத்தேன். கையை நெஞ்சு உயரத்துக்கு மேசைமேல் வைத்துப் பட்டையைக் கட்டினேன். 138/88. ஒரு நிமிடம் விட்டு மறுபடியும் பார்த்தோம், 136/86. அவன் ஒன்றும் பேசவில்லை. நோட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். பிறகு பேனா கேட்டான். அப்பா எழுதி நிறுத்திய இடத்துக்குக் கீழே ஒரு வரி விட்டுத் தேதியைப் போட்டான்.